சாட்சிக் கண்ணாடி

தேர்முட்டிக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
கதவிலக்கம் பதினேழு, பழைய இலக்கம் நாலு,
அதற்கும் பழையது சுண்ணாம்புக்கு அடியில்.
மாநகராட்சி நோட்டீஸை இரண்டு முறை ஒட்டி
இரண்டு முறை கிழித்திருக்கிறார்கள்.
"இடிந்து விழும் நிலையில் உள்ள" வரை தெரிகிறது.
மிச்சம் பசை.

நான் அளக்க வந்தவள்.
டேப், டார்ச், தூக்குக்குண்டு,
மூன்று பக்கப் படிவம்.
வைத்துக்கொள்வதா இடிப்பதா என்று
படிவம் கேட்காது. நீளம் கேட்கும்,
அகலம் கேட்கும், விரிசல் உண்டா என்று கேட்கும்.

உண்டு.
மாடிப்படி திரும்பும் மூலையில்
கூரையிலிருந்து இறங்கி
ஜன்னல் நெற்றியில் முட்டி
அங்கிருந்து யோசித்து யோசித்து
இடப்பக்கம் போகிறது.
சுண்டுவிரல் நுழையும்.

கீழே கிரைண்டர் கல் கொத்தும் கடை.
குப்புராஜ் வாடகை நூற்றியெண்பது என்றார்,
சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.
வீட்டுக்குப் பங்காளிகள் ஏழு பேர்.
ஆறு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.
ஏழாவது ஆள் தெய்வநாயகி
அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து
படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு
"இன்னொரு நாளைக்கு வாரனுங்" என்று போனாராம்.

மாடியில் குடியிருக்கும் சுபத்திரா
எனக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
"ஏனுங், பாரம்பரியக் கட்டடம்னு பலகை மாட்டிட்டா
மேல ஒரு கக்கூஸ் கட்ட உடுவாங்களாங்?
ராத்திரில பத்தொம்பது படி எறங்கோணும்.
எங்கூட்டுக்காரருக்கு முட்டி ஆப்பரேசன்."
தெரியாது என்றேன்.
"தெரிஞ்சவங்க ஆருமே வரமாட்டீங்கறாங்க."

வந்தவர்கள் வேறு.
போன ஞாயிறு கேமராவோடு பதினைந்து பேர்.
காய்ந்துகொண்டிருந்த சேலையை ஓரம் தள்ளிவிட்டு
வளைவைப் படமெடுத்தார்கள்.
வளைவு அழகுதான், நான் மறுக்கவில்லை.
ஒன்பது வண்ணக் கண்ணாடியில் ஒன்று போய்
அந்த இடத்தில் நாட்காட்டி அட்டை.
முருகன் பாதி தெரிகிறார்.
வேல் முழுசாக.

விரிசலின் குறுக்கே ஏதோ மேடு தட்டியது.
வண்டிச் சாவியால் சுரண்டினேன்.
வெள்ளை, ரோஸ், பச்சை, மறுபடி வெள்ளை,
பிறகு கட்டைவிரல் அகலத்தில்
ஒரு கண்ணாடிச் சில்லு.
இரண்டு முனையிலும் சாந்து வைத்து
விரிசலுக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள்.
சுவர் நகர்ந்தால் முதலில் இது உடையும்.
உடைவதற்காகவே ஒட்டுவது.
எங்கள் வேலையில் அதற்குச் சாட்சி என்று பேர்.

சாந்து ஈரமாயிருந்தபோது ஆணியால் கீறியது:
14-3-78. கி.வெ.

உடையவில்லை.

அந்தத் தேதிக்குப் பிறகு
நாற்பதுக்கும் மேலே மாசித் தேர்
கட்டை போட்டு உலுக்கித் திரும்பியிருக்கிறது.
குழாய்க்கு மூன்று முறை தோண்டியாயிற்று.
பக்கத்து மனையில் ஐந்து மாடிக்கு இடி இடியென்று
இரும்பு இறக்கிய மாசத்தில்
சுபத்திராவின் எவர்சில்வர் டம்ளர்கள்
அலமாரி விளிம்புவரை தானாக நடந்து வந்து விழுந்தன.

கி.வெ. யாரோ.
மூன்று மாதத்தில் வந்து பார்க்கிறேன் என்றிருப்பார்.
மாற்றலாகியிருக்கும், அல்லது மறந்திருக்கும்.
யாரும் வந்து கேட்காத சாட்சி
சொல்ல வேண்டியதை வைத்துக்கொண்டு
ஏழெட்டுப் பூச்சுக்கு அடியில் இருந்திருக்கிறது.

சுபத்திரா எட்டிப் பார்த்தாள்.
"அய்யோ, நெலக்கண்ணாடி மாட்டோணும்னு
இதும் மேலதானுங் ஆணி அடிக்கப் பாத்தேன்."

விரிசல்: உண்டு.
நகர்வு: இல்லை.
இரண்டாவதற்குப் படிவத்தில் கட்டமில்லை,
ஓரத்தில் எழுதிக் கோடு போட்டேன்.
அதற்குக் கீழே, மாடிக்குக் கழிப்பறை வேண்டும்.
அதற்கும் கட்டமில்லை.

என் பையில் எப்போதும் ஒன்றிரண்டு சில்லு இருக்கும்.
பழையதற்கு ஒரு சாண் கீழே
சாந்து வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"பேர் எழுதலீங்களா?"
எழுதினேன். தேதி, முதலெழுத்து.

கையை எடுத்தபோது
கண்ணாடியில் லேசாய் ஒரு நடுக்கம்.
கீழே கல் கொத்துகிறார் குப்புராஜ்.
நடுங்கலாம்.